ஆத்தோரக் கழனி

செண்பகத்தின் கண்ணில் முதலில் பட்டது பனைமரம் இல்லாததுதான்.

நாலைந்து நாளாக விடாத மழை. ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்துவிட்டு, யூரியா சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழனியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று கிளம்பி வந்தவள். லாரித் தடம் திரும்புகிற இடத்தில் நின்றால் ஆற்றங்கரை மூலையில் அந்த ஒற்றைப் பனை தெரியும். அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தெரிகிறது. இன்றைக்கு அந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. மழை மூட்டத்தில் மறைந்திருக்கும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பனை இல்லை. பனை நின்ற வரப்பும் இல்லை.

"யோவ்! இங்க வாய்யா!" என்று கத்தினாள்.

அவள் புருஷன் அருணாச்சலம் பின்னால் யாரையோ நிறுத்தி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "வந்துகினேதான் கீறேன், இன்னா இப்போ?" என்றார் அங்கிருந்தே. அவர் சுபாவம் அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் பேச்சை முடித்துவிட்டுத்தான் வருவார்.

செண்பகம் காத்திருக்கவில்லை. வழுக்குகிற வரப்பில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி ஓடினாள். கழனியின் கீழ்மூலைக்குப் போவதற்கு முன்பே வரப்பு முடிந்துவிட்டது. அவளுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருந்தது. நேற்று சாயங்காலம் அங்கே நெல் நின்றது. ஊர் நடுவில் இருக்கிற தண்ணீர் டேங்கைப் பெயர்த்து உள்ளே வைத்தாலும் கொள்ளும் போலிருந்தது. அதன் விளிம்பில் பால் பிடித்த பயிர், வேர் வெளியே தொங்க நின்றுகொண்டிருந்தது. மேலேயிருந்து வடிந்து வரும் தண்ணீர் மொத்தமும் அந்த விளிம்பிலிருந்து குதித்து, கீழே மஞ்சளாகச் சுழன்று ஆற்றுக்கு ஓடியது. அடியில் பனை தலைகீழாகக் கிடந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாய் அகலத்துக்கு நெல் கீழே போயிற்று. சாயவில்லை, படுக்கவில்லை. நின்ற வாக்கிலேயே போயிற்று. செண்பகம் பின்னுக்கு நகர்ந்தாள். 

அருணாச்சலம் வந்து சேர்ந்தார். தோளில் மண்வெட்டி. பள்ளத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். பேசிக்கொண்டே இருக்கிற மனிதருக்கு அன்றைக்கு ஒரு பேச்சும் கிடைக்கவில்லை.

"இன்னாயா இது?" என்றாள் செண்பகம்.

"வடி வெட்டுனேன்."

"அது தெரியுது. இது இன்னா?"

"ஒரு மொழம்தான் வெட்டுனேன் செம்பகம். ஒரு மொழம்கூட இருக்காது."

*

அந்தக் கழனியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் தார் ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மேலே நாலு ஏக்கர், கீழே முக்கால் ஏக்கர். எல்லாம் சடையப்பனுடையது. அருணாச்சலமும் செண்பகமும் அதில் கூலிக்கு நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள். பிறகு கும்மிடிப்பூண்டியில் இரும்பு மில் வேலை கிடைத்து அருணாச்சலம் அங்கே போனார். செண்பகம் மட்டும் இங்கேயே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். சடையப்பனின் மகன் வெங்கடேசன் மணவாள நகரில் வீடு கட்டியபோது கீழே இருக்கிற ஆற்றோரத் துண்டை விற்க வேண்டிவந்தது. ஆற்றோரம் என்பதால் வெளியாள் யாரும் கேட்கவில்லை. மில்லிலிருந்து ஓய்வுபெற்று வந்த பணத்தை எடுத்துக்கொண்டு அருணாச்சலம் போய் நின்றார். அவர்கள் தெருவில் கழனி வாங்கிய முதல் ஆள் அவர்தான். பத்திரம் பதிந்த அன்றைக்கு செண்பகம் சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வருகிற வழியில் கெங்கையம்மன் கோயிலிலும் ஒரு கற்பூரம் கொளுத்தினாள். எந்தச் சாமி கொடுத்ததோ, யாரையும் விடக்கூடாது என்று.

வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் ஊர் வாய் இருக்கிறதே, அதற்குப் பத்திரம் பட்டா எல்லாம் புரியாது. இன்னமும் அது "சடையப்பன் ஆத்தோரக் கழனி"தான். "எங்க போற செம்பகம்?" என்று கேட்டு, "கழனிக்கு" என்று அவள் சொன்னால், "சடையப்பன் கழனிக்கா?" என்பார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் "எங்க கழனிக்கு" என்று திருத்துவாள். "ஆமா ஆமா" என்பார்கள். மறுநாள் மறுபடி அதே கேள்வி. அருணாச்சலம் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவளுக்குத்தான் ஆறவில்லை.

ஆற்றோரக் கழனிக்காரனுக்கு ஒரு கடமை உண்டு. மழை பிடித்து, மேல் கழனிகளில் தண்ணீர் கதிரைத் தொட்டால், கீழ் வரப்பை ஆற்றுப் பக்கம் வெட்டிவிட வேண்டும். இதற்கு வடி வெட்டுவது என்று பேர். வடி வெட்டினால் மேலே இருப்பவர்களின் தண்ணீரும் வடியும், பயிர் பிழைக்கும். கூலியாளாக இருந்த காலத்தில் சடையப்பன் மேல் வரப்பில் நின்று குரல் கொடுப்பார், அருணாச்சலம் மண்வெட்டியோடு இறங்குவார். தண்ணீர் ஒரு முட்டளவு கீழே இருக்கும் ஆற்று மணலில் தொப்பென்று விழுந்து பரவி ஓடும். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

நேற்று மத்தியானமும் குரல் வந்தது.

"டேய் அருணாச்சலம்! வடி வெட்டுறா! கதிரு முழுவுது!"

செண்பகம் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். "நம்ம கழனில தண்ணி கொறச்சலாத்தானே கீது. நமக்கு இன்னாத்துக்கு வடி?" என்றாள்.

"மேல முழுவுது இல்ல?"

"அது அவுங்க பயிரு."

"பயிரு பயிருதானம்மே. யாருதுன்னு எழுதியா ஒட்டிக்கீது?"

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். சொந்தக் கழனியின் வரப்பை, பழைய குரலுக்குக் கட்டுப்பட்டு, பழைய கையாலேயே வெட்டினார். ஆறு இப்போது எங்கே கிடக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாமல் இல்லை. வருஷக்கணக்கில் லாரி லாரியாக மணல் போனதை ஊரே பார்த்தது. அந்த லாரிகள் போன தடம்தான் கழனி ஓரமாக இன்னமும் கிடக்கிறது. முட்டளவு கீழே இருந்த ஆறு, இப்போது மூன்று ஆள் ஆழத்தில் எங்கேயோ ஓடுகிறது. இந்த மழைக்குக் கரை தளும்ப வேண்டிய ஆறு அடியில் இடுப்பளவு தண்ணீரோடு போகிறது. ஆறு கீழே போனால் கழனிக்கு என்ன என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். அருணாச்சலமும் அப்படித்தான் இருந்தார்.

*

"நேத்து வெட்டுன எடம் எங்க?" என்று கேட்டாள் செண்பகம்.

அருணாச்சலம் பள்ளத்துக்கு அப்பால், காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

அவள் குந்திக்கொண்டு விளிம்பையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கத்தான் அது என்ன செய்கிறது என்று புரிந்தது. மேலே ஒரு கை ஆழத்துக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே களி. களிக்கு அடியில் வெறும் மணல், ஆற்றில் கிடப்பதுபோலவே பளபளவென்று. விழுகிற தண்ணீர் அந்த மணலைத்தான் முதலில் அரித்தது. மணல் கரைந்து ஓடியதும் மேலே இருக்கிற மண் பிடிமானமில்லாமல் சன்ஷேடு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு பயிரோடு விழுந்தது. விழுந்த மண்ணையும் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிற்று. மறுபடி மணல், மறுபடி சன்ஷேடு.

"யோவ், தண்ணி ஆத்துக்குப் போவுது. பள்ளம் நம்ம பக்கம் வருது."

"ஆமா."

"தண்ணி போற பக்கம்தானே பள்ளம் போவணும்? இது இன்னா எதுத்துகினு வருது?"

அருணாச்சலம் மேலே திரும்பிப் பார்த்தார். "மேல் மடைய மூடிட்டா நின்னுடும். தண்ணி வந்தாத்தானே உழும்" என்றார்.

மேல் மடை சடையப்பனின் வரப்பில் இருந்தது. அவர் தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. கேட்காமல் அதில் கை வைக்கிற வழக்கம் ஊரில் இல்லை. அருணாச்சலம் போகத் தயங்கினார். செண்பகமே போனாள்.

சடையப்பன் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் மழைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர். கால்வீக்கம் என்று காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார். செண்பகம் படிக்குக் கீழே மழையில் நின்றாள். அவர் மனைவி கெங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அலமாரி நிறைய டம்ளர் இருக்கிற வீடு. செண்பகத்துக்கு எப்போதும் பேப்பர் கப்தான். முன்பெல்லாம் அதுவும் கிடையாது, அந்த அளவுக்குக் காலம் மாறித்தான் இருக்கிறது.

"இன்னா செம்பகம், காலங்காத்தால?" என்றார் சடையப்பன்.

"ஆண்டே, வடி வெட்டுன எடம் உள்வாங்கினு வருது. பாதி கழனி பூடுச்சி."

"பாதியா? சொம்மா சொல்லாத."

"மெய்யாலுமே சொல்றேன். பனமரம் பூடுச்சி. மேல் மடைய மூடுனாத்தான் நிக்கும்."

"மடைய மூடறதா?" அவர் காலை இறக்கிக் கீழே வைத்தார். "மூடுனா என் நாலு ஏக்கரு இன்னாவறது? இப்பவே கதிரு வரைக்கும் தண்ணி. மூடி அர நாளு ஆனா நெல்லு அழுவிப்பூடும். தெரியாதவ மாரி பேசற?"

"தெரியும் ஆண்டே. எங்குளுது மண்ணே போவுதே."

"ஆத்தோரம்னா ஓரத்துல நாலு கட்டி உழத்தான் உழும். சாய்ந்தரம் மழை வுட்டுடும்னு இதோ டிவில சொல்றான். அது வரைக்கும் பொறுத்துக்கோ."

"ஒரு தாட்டி வந்து பாத்துட்டு சொல்லுங்க."

"இந்தக் கால வெச்சிக்கினு சேத்துல எங்க வர்றது? கழனி இன்னா, காலு மொளச்சி ஓடியா பூடும்?"

கெங்கம்மாள் வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒருவாட்டி வெங்கடேசனயாவது வரச்சொல்லிப் பாக்கச் சொல்லலாம் இல்ல?" என்றாள் மெதுவாக.

"அவன் மணவாள நகர்லேந்து வந்து இன்னா கிழிக்கப்போறான்? உள்ள போ நீ."

செண்பகம் டீயைக் குடிக்கவில்லை. மழைத்தண்ணீர் விழுந்து விழுந்து கப் நிரம்பி வழிந்தது. அதைப் படியோரம் வைத்துவிட்டுத் திரும்பினாள்.  

*

மகன் ஸ்டீபனுக்குப் போன் போட்டார்கள். அவன் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு உருக்காலையில் வேலை பார்க்கிறான். ஷிப்ட் முடிந்து ரயிலுக்கு நின்றவன், போனில் கேட்டதை நம்பாமல் படம் அனுப்பச் சொன்னான். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணியும் பண்ணாதீங்க, நான் வரேன்" என்றான்.

மத்தியானம் அவன் வந்தபோது பின்னாலேயே ஒரு டிப்பர் லாரி வந்தது. நிறைய மில்லுக் கசடு. இரும்பு உருக்கினால் மிஞ்சுகிற கறுப்புக் கட்டி, எஸ்டேட் பக்கம் குண்டும் குழியும் நிரப்ப அதைத்தான் கொட்டுவார்கள்.

"மடைய மூடறதுக்கு அவரு ஒத்துக்கலயா?" என்று கேட்டான்.

"சாய்ந்தரம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றாரு" என்றார் அருணாச்சலம்.

"சாய்ந்தரம் வரைக்கும் கழனி பொறுத்துக்குமா? நைனா, நீ போய் மூடு. இன்னா பண்ணிடுவாரு?"

"அவுரு வரப்புடா அது. கேக்காம கை வைக்கக்கூடாது."

"உன் வரப்ப அவரு கேட்டுகினா வெட்டச் சொன்னாரு?"

அருணாச்சலம் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டீபன் லாரிக்காரனைக் கூப்பிட்டான். லாரியைப் பின்னோக்கி விடச் சொல்லித் தடத்தில் நின்று கையசைத்தான். "வா, வா, இன்னும் வா, ஸ்டாப்!" பள்ளத்தின் தலைமாட்டில், தண்ணீர் குதிக்கிற இடத்திலேயே மொத்தக் கசடும் இறங்கியது. நிலம் அதிர்ந்தது.

அருவி நின்றது. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று இல்லாமல்போனதும், மழை பெய்கிற சத்தமே புதிதாகக் கேட்டது.

"பாத்தியா? இரும்பு மாரி நிக்கும்" என்றான் ஸ்டீபன்.

அவன் மனைவி பிரின்சி கொடுத்தனுப்பிய எலுமிச்சை சாதத்தை அப்போதுதான் பிரித்தார்கள். காலை நாஷ்டாவும் அதுதான், மத்தியானச் சாப்பாடும் அதுதான். சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நின்றபடியே தின்றார்கள். அருணாச்சலத்துக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. மீதி இருக்கிற அரைக் கழனியை அறுத்துவிட்டு, கோடையில் ஆற்றோரம் கல் கட்ட வேண்டும் என்றார். அதற்கு எந்த மேஸ்திரியைக் கூப்பிடலாம், யார் ஏமாற்றுவான், யார் ஏமாற்ற மாட்டான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். செண்பகம் மனம்விட்டு மூச்சு விட்டாள். பாதி போனாலும் பாதி இருக்கிறது என்று நினைத்தாள்.

அப்புறம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது. சலசலவென்று, இரண்டு பக்கத்திலிருந்தும்.

கசடுக் குவியலைத் தாண்ட முடியாத தண்ணீர், அதன் வலது பக்கமாக ஒரு வழியும் இடது பக்கமாக ஒரு வழியும் பிடித்திருந்தது. கசடு அசையவில்லை, ஸ்டீபன் சொன்னபடி இரும்பு மாதிரிதான் நின்றது. அதைச் சுற்றியிருந்த மண்தான் போயிற்று. ஒரு கிளை மிச்சக் கழனிக்குள் மேல் மடையை நோக்கி ஏறியது. இன்னொன்று லாரித் தடத்துக்குள் புகுந்து, சக்கரம் பதிந்த பள்ளங்களில் நின்ற தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு தார் ரோட்டை நோக்கித் திரும்பியது. ஒரு பள்ளமாக இருந்தது இரண்டு பள்ளமாயிற்று. கொட்டின கசடு நடுவில் குன்று மாதிரி நின்றது, அதை ஒட்டி ஒரு பிடி நெல்.

"யம்மா, பின்னால வா! வா இப்படி!" ஸ்டீபன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நின்ற இடம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. கூடவே எலுமிச்சை சாத டப்பாவும் போயிற்று.

ஸ்டீபன் கன்னத்தில் அறை வாங்கியவன்போல நின்றான். "நான் இன்னாம்மா பண்ணேன்? நல்லதுதானே பண்ணேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை அப்படிக் கேட்டதை அவளால் தாங்க முடியவில்லை. 

*

பொழுது சாய்கிற நேரத்தில் பள்ளம் சடையப்பன் வரப்புக்கு வந்துவிட்டது. அருணாச்சலம் கழனி என்று பத்திரத்தில் எழுதியதில், இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை, நடுவில் கசடு. அவ்வளவுதான் மிச்சம். விட்டுவிடும் என்று டிவியில் சொன்ன மழையும் விடவில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சடையப்பன் வந்தார். கால்வீக்கம் எங்கே போயிற்றோ, குடைகூட இல்லாமல் வரப்பில் வந்தார். பின்னால் கெங்கம்மாள். தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய் அருணாச்சலம்! மடைய மூடுறா! மூடுறா சீக்கிரம்!"

அருணாச்சலம் எழுந்தார். அந்தக் குரல் காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்தது. கை மண்வெட்டியைத் தேடியது. செண்பகம் மண்வெட்டியின்மேல் காலை வைத்து மிதித்தாள்.

"நீ எறங்காத."

"செம்பகம்..."

"எறங்காதன்னா எறங்காத. காலீல நான் போய் நின்னேன். கேட்டாரா?"

சடையப்பன் கிட்டே வந்துவிட்டார். "இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கறீங்க? என் வரப்பு போவுது!"

"இங்க வந்து பாருங்க," என்றாள் செண்பகம். ஆண்டே என்ற வார்த்தை வாயில் வரவில்லை. வராததை அவளே கவனித்தாள். "காலீல கூப்ட்டேன் இல்ல? இப்போ வந்து பாருங்க."

அவர் மடைக்குப் பக்கத்தில் வந்து, வரப்பின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.  அவர் பார்த்து வளர்ந்த கழனி. அவர் அப்பா காலத்தில் உழுத கழனி. இப்போது கீழே நிழல் விழுந்து இருட்டாக இருந்தது. சுவரில் மணல் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. சேறு என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெங்கம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ ஆழமாடா?" என்றார். "இவ்ளோ ஆழமா?"

கழனிக்குக் கால் முளைத்து ஓடிவிடுமா என்று கேட்டீர்களே என்று சொல்ல செண்பகம் காலையிலிருந்து மனசுக்குள் உருட்டி வைத்திருந்தாள். கிழவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. அவருக்கு மேலே கெங்கம்மாள் மழையில் நடுங்கிக்கொண்டு, "மூடிடுங்க, பயிரு முழுவுனா முழுவட்டும், மண்ணாவது இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

அருணாச்சலம் செண்பகத்தைப் பார்த்தார். "மண்ணுதானம்மே" என்றார். "அதுவும் மண்ணுதானே."

அவள் காலை எடுத்தாள்.

மடையை மூடத் தெரிந்தவர் அந்த இடத்தில் அருணாச்சலம் ஒருவர்தான். மடைத் தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்று, வைக்கோல் பிரியைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் களிமண் போட்டு மிதித்து, மறுபடி வைக்கோல். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் பள்ளம். ஸ்டீபன் அவர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டான். சடையப்பன் தவழ்ந்து போய்க் கைகளால் சேற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தார். எழுபது வயசில் முதல்முதலாக அந்த மடையில் கை வைத்தார். செண்பகம் வைக்கோல் எடுத்துக் கொடுத்தாள். தன் கழனியை விழுங்கின தண்ணீரை, அடுத்தவன் கழனிக்காக அடைக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

மடை அடைந்தது. அருவி மெலிந்து, நூலாகி, நின்றது. சடையப்பன் கழனியில் தண்ணீர் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக் கதிரை மூடியது. அந்த நாலு ஏக்கரில் அந்த வருஷம் ஒரு மூட்டை நெல்கூட வீட்டுக்கு வரவில்லை. மண் மட்டும் நின்றது.

*

மழைக்காலம் முடிந்தால் பள்ளமும் ஓயும் என்று நினைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. தடத்துக்குள் புகுந்த கிளை, மார்கழி மழையில் மெல்ல மெல்ல ஏறித் தார் ரோட்டின் ஓரத்தைக் கடித்தது. ரோட்டுக்காரர்கள் வந்து சிவப்பு வெள்ளை பீப்பாய் வைத்துவிட்டுப் போனார்கள். வெயில் வந்ததும் சுவர்கள் காய்ந்து வெடித்து, பலகை பலகையாக விழுந்தன. பள்ளம் ஆழம் குறைந்து அகலமானது. செண்பகம் மிச்சம் வைத்திருந்த இரண்டு பட்டைகளும் அப்படியே போயின. அடியில் சீமைக்கருவேலம் முளைத்து ஆடு மேய வந்தது. சுவரில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரிவரியாக மண் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் ஆற்றுக் கூழாங்கல் பந்தி பந்தியாகப் பதிந்திருந்தது. ஒரு காலத்தில் ஆறே இங்கேதான் ஓடியிருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அருணாச்சலம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். பேச்சு குறைந்துவிட்டது. செண்பகம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள், ஊத்துக்கோட்டையில் மளிகை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஓட்டுகிறவன் குணா, பக்கத்து ஊர்ப் பையன், புதிதாக ஓட்ட வந்தவன். அவளை அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஊத்துக்கோட்டைல ஷேர் ஆட்டோ ஏறு. அருணாச்சலம் பள்ளம்னு சொல்லு, எறக்கி உடுவாங்க. அங்கேந்து உள்ள நடக்கறதுதான், ஆட்டோ உள்ள வராது. அருணாச்சலம் பள்ளம்டீ. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

செண்பகம் அவளையே பார்த்தாள். காதில் விழுந்தது சரிதானா என்று தோன்றியது. மடியில் இருந்த பை நழுவிக் கீழே போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

பீப்பாய்கள் இருக்கிற இடத்தில் குணா ஆட்டோவை ஓரங்கட்டினான்.

"அருணாச்சலம் பள்ளம்! எறங்கறவங்க எறங்கு!"

நெல் விளைந்த ஆறு வருஷமும் அந்தப் பேரை ஊரில் ஒருத்தர் வாயிலிருந்து கேட்க அவள் ஆசைப்பட்டாள். ஒருத்தரும் சொல்லவில்லை.

"யம்மா, உன்னத்தான். நீ எங்க போவணும்?" என்றான் குணா திரும்பிப் பார்த்து.

"இங்கதான்" என்று சொல்லிவிட்டு செண்பகம் இறங்கினாள்.